லெட்ரோசோல் முடி உதிர்வு: தேய்க்கிற மருந்தா, மாத்திரையா, டாப்பரா?

கீமோவில் கொட்டிய முடி திரும்ப வளரும் என்றார்கள், வளர்ந்தது. ஆனால் அப்புறம் லெட்ரோசோல் (மார்பகப் புற்றுநோய் திரும்பாமல் இருக்க, பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கும் மாத்திரை) ஆரம்பித்து ஏழெட்டு மாதத்தில் வகிடு அகலமாகும் என்று யாரும் சொல்லவில்லை. இது கொத்தாகக் கொட்டாது, உச்சியிலும் நெற்றியோரத்திலும் மெலிந்துகொண்டே போகும். ஒரு நாள் மல்லிகைச் சரம் வைத்தேன், ஊசிக்குப் பிடிமானம் இல்லாமல் நழுவி முதுகில் விழுந்தது, அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் ஆண் ஹார்மோனின் கை ஓங்கிவிடுகிறது. இதே நோய்க்கு டமாக்சிஃபென், அனாஸ்ட்ரசோல் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இது வரலாம். இந்த மாத்திரைகள் 5 வருடம், சிலருக்கு 10 வருடம் வரை. தயவுசெய்து முடிக்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். தாங்கவே முடியவில்லை என்றால் வேறு மாத்திரைக்கு மாற முடியுமா என்று டாக்டரைக் கேளுங்கள். தைராய்டும் ஃபெரிட்டினும் (உடலில் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) கூடவே பார்த்துவிடுங்கள், இரும்புச்சத்துக் குறைவும் முடியைக் கொட்டவைக்கும்.

என் முதல் ஓட்டு தலையில் தேய்க்கிற 5% மினாக்சிடிலுக்குத்தான். முடி வளர்வதற்கான இந்த மருந்து ஹார்மோன் இல்லை. 2018இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில், இதே காரணத்தால் முடி மெலிந்து இதைத் தேய்த்த 46 பேரில் 37 பேருக்கு நன்றாகவே தேறியிருக்கிறது. தேய்க்காதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு இல்லைதான், ஆனாலும் நம் பிரச்சினைக்கென்றே பார்த்தது. முதல் சில வாரம் முடி இன்னும் அதிகமாக உதிரும், பயந்து விட்டுவிடாதீர்கள், பலன் தெரிய நாலு முதல் ஆறு மாதம் ஆகும், நிறுத்தினால் வளர்ந்தது போய்விடும். திரவம் மலிவு, ஆனால் பிசுபிசுக்கும், சிலருக்கு அரிக்கும், நெற்றியில் வழிந்தால் அங்கேயும் பூனைமுடி முளைக்கும். ஃபோம் விலை கூடுதல், சீக்கிரம் காய்கிறது, அரிப்பும் குறைவு. திரவத்தில் தலையணை உறை நாசமானதால் நான் ஃபோமுக்கு மாறினேன்.

குறைந்த அளவு மினாக்சிடில் மாத்திரை வேலைக்குப் போகிறவர்களுக்கு வசதி, தினமும் தலையை நனைக்க வேண்டாம். ஆனால் அடிப்படையில் அது பிபி மருந்து. கால் வீங்கலாம், படபடப்பு வரலாம், முகத்தில் முடி வளரலாம். கீமோவில் இதயம் பாதிக்கப்பட்டவர்கள் இதய டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. முடி உதிர்வுக்கே தரும் ஃபினாஸ்டரைடு மாதிரி, ஹார்மோனில் கைவைக்கிற எதையும் புற்றுநோய் டாக்டருக்குத் தெரியாமல் வாங்காதீர்கள்.

முடிக்கென்று விற்கும் பயோட்டின் வைட்டமினை நான் சேர்க்க மாட்டேன். குறைபாடு இல்லாதவருக்கு அதனால் பயன் இல்லை, போதாததற்குத் தைராய்டு, எஸ்ட்ரடியால் (ஈஸ்ட்ரோஜனின் ஒரு வகை) போன்ற ரத்தப் பரிசோதனை முடிவுகளையும் குழப்பும்.

அடுத்த வாரமே கல்யாணம் என்றால் இது எதுவும் உதவாது, கிளிப்பால் மாட்டிக்கொள்ளும் சின்ன விக்கான டாப்பர்தான் கதி. முழு விக் நம் வெயிலுக்கு வேகும், டாப்பர் உச்சியை மட்டும் மூடும். வாங்கும்போது வகிட்டின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள், கடை விளக்கில் எல்லாமே பொருந்தித் தெரியும். தினமும் ஒரே இடத்தில் கிளிப் மாட்டினால் மிச்ச முடியும் வேரோடு வரும், அதனால் இடம் மாற்றி மாட்டுங்கள், வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுங்கள்.