ஸ்பிரிங்கை வெட்டிவிட்டு "ஸ்போர்ட்ஸ் கார் இப்படித்தான் குலுங்கும்" என்றார்கள், நம்பிவிடாதீர்கள்

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் சின்ன ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களும் வாங்க யோசிப்பவர்களும் இதை ஒருமுறை வாசித்துவிடுங்கள். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை, எனக்கு என்ன செய்தார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

என்னிடம் இருப்பது 1991 யூனோஸ் ரோட்ஸ்டர், வெளிநாட்டில் மாஸ்டா எம்எக்ஸ்-5 என்று விற்ற அதே இரண்டு சீற் கார். நிறை ஆயிரம் கிலோகூட இல்லை. கம்பனி போட்டது 14 அங்குல ரிம், 185/60 டயர், காற்று 26 பிஎஸ்ஐ, நாலு சக்கரத்துக்கும் டபுள் விஷ்போன், அதாவது மேலும் கீழுமாக இரண்டு கை பிடித்திருக்கும் சஸ்பென்ஷன். அம்மாவை ஏற்றிக்கொண்டு களுவாஞ்சிக்குடிக்குப் போய் வருவேன், ஒரு நாளாவது முதுகு நோகுது என்று அவ சொன்னதில்லை. ஸ்போர்ட்ஸ் கார் என்றாலும் அதுதான் அந்தக் காரின் இயல்பு.

டயர் தேய்ந்து போனதால் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். "தம்பி, இந்த சைஸ் இப்ப வாறதில்ல" என்றார் முதலாளி. சுத்தப் பொய். 185/60 பதினாலு சாதாரண கார்களுக்கும் போடுகிற டயர், நான்தான் இன்னும் இரண்டு கடையில் விசாரிக்காமல் விட்டுவிட்டேன். பளபளவென்று ஒரு 17 அங்குல செற்றைக் காட்டினார், 205/40 டயரோடு, பாவித்ததுதான் ஆனால் புதிதுபோல இருந்தது. என்னுடைய பழைய நாலு ரிம்மையும் எடுத்துக்கொண்டு மிச்சக் காசைத் தந்தால் போதும் என்றார், கூடவே "ஸ்போர்ட்ஸ் ஸ்பிரிங்கும் போட்டுத் தாறம், கார் இறங்கி நிக்கும், வடிவா இருக்கும்" என்றும் சொன்னார். சரி என்றேன்.

அடுத்த நாள் பின்னேரம் எடுத்துக்கொண்டு வந்தேன். பார்க்க உண்மையிலேயே அழகாக இருந்தது. கல்லடிப் பாலத்தில் ஏறி முதல் இணைப்பில் சக்கரம் பட்டதும் யாரோ அடியில் சுத்தியலால் அடித்ததுபோல ஒரு சத்தம். ஆரையம்பதி தாண்டுவதற்குள் அம்மா இரண்டு கையாலும் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டுவிட்டா. வேகம் கூடினால் ஸ்டீயரிங் நடுங்கியது. அன்றிரவே கடைக்குப் போன் எடுத்தேன், "ஸ்போர்ட்ஸ் கார் எண்டா இப்படித்தான் தம்பி குலுங்கும், பழகிரும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். எல்லாப் பொய்யிலும் பெரிய பொய் இதுதான், ஏனென்றால் இதை நம்பித்தான் நான் இரண்டு கிழமை அப்படியே ஓடித் திரிந்தேன்.

டயரின் பக்கவாட்டு உயரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 185/60 என்றால் 185 மில்லிமீற்றரில் 60 வீதம், 111 மில்லிமீற்றர். 205/40 என்றால் வெறும் 82. ஏறக்குறைய 3 சென்ரிமீற்றர் ரப்பரும் காற்றும் குறைகிறது, ரோட்டுக் கிடங்கில் விழும்போது முதல் அடியை வாங்குவது அந்த ரப்பரும் காற்றும்தான். நிறை வேறு. பிறகு நெல் நிறுக்கிற தராசில் வைத்துப் பார்த்தேன், 17 அங்குலச் சக்கரம் டயரோடு பதினெட்டுக் கிலோவுக்கு மேல், இப்போது போட்டிருக்கும் 14 அங்குலம் இரும்பு ரிம்மோடு சேர்த்தே பதினாலுதான். பெரிய வானுக்கு அந்த நாலு கிலோ ஒரு பொருட்டில்லை, ஆனால் இவ்வளவு இலேசான காரில் பாரமான சக்கரம் ஒருமுறை மேலே துள்ளினால் அதை ஸ்பிரிங்கும் ஷொக் அப்சோபரும் பிடித்துத் திரும்ப ரோட்டில் வைப்பதற்குள் அடுத்த கிடங்கு வந்துவிடுகிறது. சக்கரத்தின் மொத்த விட்டமும் 578இலிருந்து 596 மில்லிமீற்றராகிவிட்டது, அதனால் ஸ்பீட் மீற்றர் 100 காட்டும்போது உண்மையில் 103இல் போய்க்கொண்டிருப்போம்.

வாழைச்சேனைப் பக்கம் ஒரு கிடங்கில் விழுந்து ஒரு ரிம் வளைந்தது, டயரின் பக்கத்தில் கோழி முட்டை அளவுக்கு ஒரு வீக்கம். அதோடு ஏறாவூரில் வயதான ஒரு மெக்கானிக் பாஸிடம் கொண்டுபோனேன். ஜாக்கி அடித்துச் சக்கரத்தைக் கழற்றியவர் ஸ்பிரிங்கை இரண்டு விரலால் சுற்றிக் காட்டினார், கையில் வளையல் சுற்றுவதுபோல லேசாகச் சுற்றியது. அப்புறம் ரோர்ச் அடித்து அதன் நுனியைக் காட்டினார். காஸில் வெட்டிய இடம் நீலமும் கறுப்புமாக, உருகிய இரும்பு சொட்டுச் சொட்டாக ஒட்டியிருந்தது. "என்ன மனே, இது ஸ்போர்ட்ஸ் ஸ்பிரிங் இல்ல, உன்ட காருல இருந்த ஸ்பிரிங்கத்தான் வெட்டி வெச்சிருக்கானுகள்" என்றார்.

காரை இறக்குவதற்குப் போடுகிற நல்ல லோவரிங் ஸ்பிரிங் என்றால் அது அந்த உயரத்துக்கென்றே செய்யப்பட்டது, நுனி தன் இருக்கையில் ஒழுங்காக உட்காரும். வெட்டிய ஸ்பிரிங் உட்காராது. சுற்றுக் குறைந்தால் ஸ்பிரிங் இறுகும், ஆனால் கார் கீழே இறங்கிவிட்டதால் சக்கரம் மேலே போக இடமும் இருக்காது, அதனால் சின்னக் கிடங்கிலும் ஷொக் அப்சோபர் போய் பம்ப் ஸ்டொப் என்கிற கடைசித் தடுப்பு ரப்பரில் இடிக்கும். கல்லடிப் பாலத்தில் நான் கேட்ட சத்தம் அதுதான். என்னுடைய காரில் அந்த ரப்பர் எலி கடித்ததுபோல உதிர்ந்து கிடந்தது.

அதோடும் முடியவில்லை. இரண்டு ரிம்மின் உள்பக்கம் வெல்டிங் கோடு, மேலே பெயின்ற் பூசி மறைத்திருந்தது. ரிம்மின் நடு ஓட்டை 73 மில்லிமீற்றர், ரிம் பொருந்தி உட்காரும் என்னுடைய காரின் ஹப் 54, இடையில் போட வேண்டிய வளையம் இல்லை, ஸ்டீயரிங் நடுங்கியதற்குக் காரணம் அது. டயரில் 0913 என்று இலக்கம், அதாவது 2013ஆம் ஆண்டின் ஒன்பதாவது கிழமையில் செய்தது. காசு கொடுக்க முதல் அந்த நாலு இலக்கத்தைப் பாருங்கள், ரிம்மைக் கழற்றி உள்பக்கம் கையால் தடவிப் பாருங்கள். ஸ்பிரிங் மாற்றினால் கழற்றிய பழையதைக் கையில் தரச் சொல்லுங்கள், தர மறுத்தால் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

திரும்பப் போய்க் கேட்டதற்கு "போட்ட சாமானைத் திருப்பி எடுக்கிறதில்ல" என்றார்கள். பில்லில் "வீல் செற் 1" என்று மட்டும் எழுதியிருந்தது, ஸ்பிரிங் பற்றி ஒரு சொல் இல்லை. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் சொல்லியிருக்கிறேன், படங்களும் வைத்திருக்கிறேன், உங்களுடைய பில்லில் எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

ஸ்பிரிங் நாலும் கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடி எடுத்தேன், உடைத்த காரில் கழற்றியது. ரிம்முக்குப் பழைய கொரோலாவின் 14 அங்குல இரும்பு ரிம், அதே நாலு நட்டு, நட்டு வட்டத்தின் விட்டமும் அதே 100 மில்லிமீற்றர், ஓட்டையும் சரியாகப் பொருந்தியது. புது 185/60 டயர் போட்டு 26 பிஎஸ்ஐ காற்று அடித்து போன ஞாயிறு அம்மாவை ஏற்றிக்கொண்டு போனேன், பாலத்தில் அவ பக்கத்துக் கண்ணாடியால் வாவியைப் பார்த்துக்கொண்டு வந்தா.

என்னுடைய பழைய ரிம் நாலும் இன்னும் கிடைக்கவில்லை, கடையில் விற்றாயிற்றாம். ஏழு கம்பி வைத்த 14 அங்குல அலோய், அதில் ஒன்றில் காற்று அடிக்கிற வால்வுக்குப் பக்கத்தில் நீளமாக ஒரு கீறல் இருக்கும். மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ எங்காவது கண்டால் சொல்லுங்கள், காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன்.