ரேஷன் ராகி: சர்க்கரைக்காரர் இருக்கும் வீட்டுக்கு எப்படி?

கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் இருக்கிறோம். அம்மாவுக்குச் சர்க்கரை. மூன்று வேளையும் ரேஷன் அரிசிதான். 2023-இல் தர்மபுரிக்கும் நம் நீலகிரிக்கும் அரிசியில் 2 கிலோவுக்குப் பதிலாக 2 கிலோ ராகி இலவசமாகத் தர ஆரம்பித்ததும் மறுபேச்சில்லாமல் வாங்கினோம்.

தரம் பரவாயில்லை. மணி திரட்சியாக இருக்கிறது, புழு வாடை கிடையாது. கல்லும் தூசும் உண்டு. புடைத்து அரிக்காமல் மில்லுக்குக் கொண்டுபோகாதீர்கள். இந்த மலையில் பெரும்பாடு அதைக் காயவைப்பதுதான். ஆடி மழையில் கழுவிப் போட்டால் ஈரமே போகாது, பூசணம் பிடித்துவிடும். நான் அடுப்புப் பக்கத்தில் முறத்தில் பரப்பி வைத்து, கடைசியில் வெறும் சட்டியில் லேசாக வறுத்து அரைக்கிறேன். களி கிண்டும்போது எழும் மணமே தனி.

சர்க்கரைக்கு நல்லதென்று தண்ணியாகக் கூழ் காய்ச்சிக் கொடுக்காதீர்கள். ராகியிலும் பெரும்பகுதி மாவுச்சத்துதான், கூழாக இறங்கினால் சர்க்கரை சீக்கிரம் ஏறும். நார்ச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் அரிசியைவிட அதிகம் என்பது உண்மை. அம்மாவுக்குச் சின்னக் களி உருண்டை ஒன்று, கூடவே அவரைக்கொட்டைக் குழம்பு, முள்ளங்கிக் கீரை. அவரை இல்லாத நாளில் ரேஷனில் 30 ரூபாய்க்கு வாங்கிய துவரம்பருப்பு. அப்படிச் சாப்பிட்டால் மதியம் வரை பசி தாங்குகிறார்.

குறை அளவில்தான். 2 கிலோ எந்த மூலைக்கு? மாத்திரை மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்துவிடுகிறது. அந்தத் திட்டத்துக்கு என் கும்பிடு. ஆனால் மாசக் கடைசியில் மாத்திரை இருக்கும், பானையில் ஒன்றும் இருக்காது. போன மழையில் அம்மா வெறும் டீயோடு கிளிமெபிரைடு என்ற, சர்க்கரையை இறக்கும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு கொழுந்து பறிக்கப் போனார். கை நடுங்கி, குளிரிலும் வியர்த்து, சரிவிலேயே உட்கார்ந்துவிட்டார். பக்கத்து நிரையிலிருந்த அக்கா சர்க்கரையை வாயில் போட்டதால் பிழைத்தார். சர்க்கரை கூடுவதைப் பற்றி எல்லாரும் சொல்கிறார்கள். பசியில் இப்படி இறங்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

ராகியைத் தயங்காமல் வாங்குங்கள். சர்க்கரை நோயாளி இருக்கும் அட்டைக்கு 5 கிலோ ராகியும் கூடுதலாக ஒரு கிலோ பருப்பும் தரவேண்டும், கிராம சபையில் கேட்கப்போகிறேன். அதுவரை ராகி மாவில் ஒரு பங்கை மாசக் கடைசிக்கென்று தனி டப்பாவில் எடுத்து வையுங்கள். சாப்பாடு இல்லாத நாளில் எந்த மாத்திரையை நிறுத்தலாம், எதை நிறுத்தக்கூடாது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.