எந்தப் பாதி எந்த ஊரில்? மலேசியாவின் இருநாட்டு மருத்துவப் படிப்புகள்: ஓர் ஒப்பீடு

பிள்ளையைத் தனியார் மருத்துவக் கல்லூரியில் சேர்க்க நினைக்கும் மலேசியப் பெற்றோர் முதலில் கட்டணத்தைக் கேட்கிறார்கள். அடுத்து, பட்டம் எந்த நாட்டுடையது என்று கேட்கிறார்கள். இரண்டுமே கேட்க வேண்டியவைதான். ஆனால் கல்விக் கண்காட்சியில் யாரும் கேட்டு நான் பார்க்காத கேள்வி ஒன்று உண்டு: கடைசி இரண்டரை, மூன்று ஆண்டு என் பிள்ளை எந்த ஊர் வார்டில் நிற்பான்?

ஐந்தாண்டுப் படிப்பின் முன்பாதி உடற்கூறியல், உடலியங்கியல், மருந்தியல் என்று விரிவுரை மண்டபத்திலும் ஆய்வகத்திலும் போய்விடும். அதை எங்கே படித்தாலும் பெரிய வித்தியாசம் வராது. டாக்டரை உருவாக்குவது பின்பாதி. மலேசியாவில் இந்த இரண்டு பாதிகளையும் நாடுகளுக்கிடையே பிரித்து வைத்திருக்கும் விதம் கல்லூரிக்குக் கல்லூரி மாறுகிறது.

ஐ.எம்.யூ. எனப்படும் இன்டர்நேஷனல் மெடிக்கல் யூனிவர்சிட்டியிலிருந்து தொடங்கலாம். 1992-இல் இன்டர்நேஷனல் மெடிக்கல் காலேஜ் என்ற பெயரில் அது தொடங்கியபோது திட்டமே இதுதான்: முன்பாதியை மலேசியாவில் படித்துவிட்டு, பின்பாதிக்கு வெளிநாட்டுக் கூட்டாளிப் பல்கலைக்கழகத்துக்கு மாறுவது. பட்டத்தையும் அந்தப் பல்கலைக்கழகமே தரும். 1999-இல் ஐ.எம்.யூ. பல்கலைக்கழகமானது. சிரம்பானில் பின்பாதி வார்டுப் பயிற்சிக்கான சொந்த கிளினிக்கல் ஸ்கூலும் வந்தது. அன்றிலிருந்து அங்கே சேரும் மாணவருக்கு இரண்டு வழி. புக்கிட் ஜாலிலில் ஐந்து செமஸ்டர் முடித்ததும், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ, டண்டீ போன்ற ஓர் இடத்துக்கு விமானம் ஏறலாம். இல்லையென்றால் சிரம்பானுக்குப் போய் ஐ.எம்.யூ.வின் எம்.பி.பி.எஸ். பட்டத்தையே வாங்கலாம்.

சேரும்போது ஒரே வகுப்பு, ஒரே ஆய்வகம். பிரிந்த பிறகு இருவரும் படிப்பது ஏறக்குறைய வேறு வேறு படிப்பு.

சிரம்பானுக்குப் போனவரைப் பாருங்கள். ஜாலான் ராசாவில் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனை, மெடிக்கல் வார்டு. நிபுணர் ரவுண்டுக்கு வருவதற்குள் தன் நோயாளியிடம் விவரம் எல்லாம் கேட்டு எழுதி வைத்திருக்க வேண்டும். கட்டிலில் இருப்பவர் ஒரு மலாய் மாக்சிக், வயதான அம்மா. பத்து வருடமாக இனிப்புநீர். கிளினிக்கில் கொடுத்த மாத்திரையோடு கம்போங் மருந்தும் சாப்பிடுகிறார். அதை ரவுண்டில் நிபுணரிடம் சொல்லவே மாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து, பேரப்பிள்ளைகளைப் பற்றி விசாரித்து, மலாயில் மெதுவாகக் கேட்கும் மாணவியிடம் சொல்வார். அடுத்த கட்டிலில் டெங்கி வந்த ஓர் இளைஞர். நாலாம் நாள் காய்ச்சல் விட்டதும் "நல்லாயிட்டேன், வீட்டுக்கு விடுங்க" என்கிறார். பயப்பட வேண்டிய நேரமே அதுதான். காய்ச்சல் இறங்கும்போதுதான் ரத்தக் குழாயிலிருந்து பிளாஸ்மா கசியத் தொடங்கும். ரத்தம் கெட்டிப்படுவதைக் காட்டும் ஹீமட்டோகிரிட் ஏறுகிறதா, பிளேட்லெட் இறங்குகிறதா என்று அட்டவணையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இதைப் புத்தகத்தில் ஒரு பத்தியில் படித்துவிடலாம். இருபது கட்டில் பார்த்த பிறகுதான் கை தானாக அட்டவணையைத் தேடும்.

டண்டீக்குப் போனவருக்கு டெங்கி என்பது வெளிநாட்டுப் பயணம் போய் வந்தவர்களிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி, அவ்வளவுதான். ஆனால் அவருக்குக் கிடைப்பதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. ஜி.பி. எனும் குடும்ப டாக்டர் கிளினிக்கில் பத்து நிமிடத்துக்கு ஒரு நோயாளி. அந்தப் பத்து நிமிடத்துக்குள் அவர் எதற்காக வந்தார் என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்பதை, நோயாளியாக நடிப்பவர்களை எதிரில் உட்காரவைத்துப் பழக்குவார்கள். எண்பது வயதுக்காரரை வீட்டுக்கு அனுப்பும் முன் சமூகப் பணியாளரும் பிசியோதெரபிஸ்டும் டாக்டரும் ஒரே மேசையில் பேசுவார்கள். நம் ஊர் வார்டுகளில் இதற்கெல்லாம் நேரம் கிடைப்பது அரிது. அங்கே பயின்றவர் நோயாளியிடம் பேசும் விதத்திலேயே அது தெரியும்.

இரண்டில் எது மேல் என்று கேட்டால், அதற்கு அடுத்த கட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும். பிரிட்டனில் பட்டம் வாங்கியவருக்கு அடுத்து ஈராண்டு ஃபவுண்டேஷன் பயிற்சி. அதில் முதலாண்டு முடிந்தால்தான் முழுப் பதிவு. மலேசியாவில் ஹவுஸ்மேன்ஷிப், அதாவது பட்டம் வாங்கியதும் மருத்துவமனையில் செய்ய வேண்டிய பயிற்சி. அது 2008-இல் ஓராண்டிலிருந்து ஈராண்டானது. நான்கு மாதத்துக்கு ஒரு துறையாகச் சுற்ற வேண்டும். ஒவ்வொரு துறையிலும் முதல் சில நாட்கள் "டேகிங்"; விடியும் முன் வந்து இரவு வரை வார்டிலேயே கிடக்க வேண்டும். ரத்தம் எடுப்பது, பிரானுலா (நரம்பில் மருந்து ஏற்றும் ஊசிக்குழாய்) போடுவது, கேஸ் எழுதுவது எல்லாம் ஹவுஸ்மேன் தலையில். சிரம்பானில் படித்தவருக்கு இது பழகிய இடம். கிளாஸ்கோவிலிருந்து நேராக வந்து இறங்குபவருக்கு மருத்துவம் தெரியும். ஆனால் வார்டின் மலாயும், நிரப்பும் படிவங்களின் பெயரும், எந்த சிஸ்டரிடம் எதைக் கேட்பது என்பதும் தெரியாது. ஓரிரு மாதத்தில் பழகிவிடும்தான். ஆனால் அந்த ஓரிரு மாதத்தில்தான் பலர் உடைந்துபோகிறார்கள்.

ஆக, பவுண்டில் கட்டணம் கட்டி மூன்று ஆண்டு பிரிட்டனில் படிப்பது, அங்கேயே வேலைக்கு நிற்கும் எண்ணத்தோடு போகிறவருக்குப் பொருந்தும். "போய்ப் படிச்சிட்டு வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்பது இதில் சரிப்படாது. விரும்பிய பல்கலைக்கழகம் கிடைப்பதும் மதிப்பெண்ணையும் போட்டியையும் பொறுத்தது.

இதே ஏற்பாட்டை அப்படியே தலைகீழாகத் திருப்பியது பினாங்கு. 1996-இல் பினாங்கு மெடிக்கல் காலேஜ் என்று தொடங்கியது, இன்று ஆர்.சி.எஸ்.ஐ. (அயர்லாந்தின் ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ்) – யூ.சி.டி. (யூனிவர்சிட்டி காலேஜ் டப்ளின்) மலேசியா வளாகம். முதல் இரண்டரை ஆண்டு டப்ளினில், 1784-இல் தோன்றிய ஆர்.சி.எஸ்.ஐ.யிலோ யூ.சி.டி.யிலோ படிக்கலாம். வார்டுக்குப் பினாங்கு திரும்பிவிட வேண்டும். பட்டம் அயர்லாந்து தேசியப் பல்கலைக்கழகத்துடையது. என் கணக்கில், மலேசியாவிலேயே டாக்டராக இருக்கப் போகிறவருக்கு வெளிநாட்டு வாசமும் வேண்டுமென்றால் இந்த வரிசைதான் புத்திசாலித்தனம். பத்தொன்பது வயதில் தனியாக வெளியூரில் சமைத்து, குளிரில் நடந்து, ஐரோப்பியரோடு போட்டி போட்டுப் படித்த தைரியம் கிடைக்கிறது. நோயாளியைத் தொடும் வயதில் ஹொக்கியன் பேசும் ஆன்ட்டியும் தமிழ் பேசும் தாத்தாவும் எதிரில் இருக்கிறார்கள். ஒரே குறை: டப்ளினில் செலவாகும் பணம் விரிவுரை மண்டபப் பாதிக்குத்தான் போகிறது. அயர்லாந்து மருத்துவமனை எப்படி நடக்கிறது என்பதை அந்த மாணவர் அருகிலிருந்து பார்ப்பது குறைவு.

ஜொகூரில் இங்கிலாந்தின் நியூகாசல் பல்கலைக்கழகத்தின் கிளை, நியூமெட், மாறிப்போகும் தொல்லையையே எடுத்துவிட்டது. இஸ்கந்தர் புத்ரியின் எடுசிட்டி வளாகத்தில் தொடக்கம், ஜொகூர் அரசு மருத்துவமனைகளில் வார்டு, கையில் நியூகாசல் பட்டம். ஐந்தாண்டும் ரிங்கிட்டில் செலவு செய்து பிரிட்டன் பட்டம் வாங்குவது கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் பட்டம் பிரிட்டனுடையது என்பதாலேயே பயிற்சி இடமும் பிரிட்டனில் உறுதி என்று எண்ணிவிட வேண்டாம். இங்கிலாந்துக்கென்று 2025 ஜூலையில் வெளியான பத்தாண்டு சுகாதாரத் திட்டம், உள்நாட்டில் படித்தவர்களுக்குப் பயிற்சி இடங்களில் முன்னுரிமை என்ற பக்கம் தெளிவாகவே சாய்கிறது. ஜொகூரில் படித்தவர் அந்த வரிசையில் எங்கே நிற்பார் என்பதைச் சேரும் ஆண்டிலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மோனாஷ் பல்கலைக்கழகத்தின் மலேசியக் கிளைக்கும் இதே கேள்விதான், நாடு மட்டும் ஆஸ்திரேலியா: சன்வேயில் வளாகம், ஜொகூர் பாருவில் கிளினிக்கல் ஸ்கூல், ஆஸ்திரேலிய மருத்துவ மன்றத்தின் அங்கீகாரம்.

நம்மவர்களுக்கு நெருக்கமான இரண்டு பெயர்களையும் விட்டுவிட முடியாது. 1997-இல் தொடங்கிய மலாக்கா மணிபால் மருத்துவக் கல்லூரி, பல ஆண்டுகள் முன்பாதியைக் கர்நாடகத்தின் மணிபாலிலும் பின்பாதியை மலாக்காவிலும் நடத்தியது. பினாங்கின் அதே தர்க்கம்தான். ம.இ.கா.வின் (மலேசிய இந்தியர் காங்கிரஸ் கட்சியின்) கல்விக் கரமான எம்.ஐ.இ.டி. கெடாவில் அமைத்த எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் முழுக்க உள்ளூர்ப் படிப்பு. கெளரவம் கருதி எய்ம்ஸ்ட்டை ஒதுக்குபவர்கள் உண்டு. எனக்கு அது புரிவதில்லை. ஹவுஸ்மேன் வார்டில் யாரும் பட்டத்தைப் பார்த்து பிரானுலா கொடுப்பதில்லை.

ஹவுஸ்மேனாகச் சேர்ந்துவிட்டால் அரசு வேலை உறுதி என்று நம்பியிருக்கும் பெற்றோருக்கு ஒன்று. 2016 டிசம்பரிலிருந்து புதியவர்கள் ஒப்பந்தத்தில்தான் சேர்கிறார்கள். 2021 ஜூலையில் ஒப்பந்த டாக்டர்கள் கறுப்பு உடையில் மருத்துவமனை வாசல்களுக்கு வந்து நின்றது இதற்காகத்தான். எந்தக் கல்லூரிப் பட்டமும் இதிலிருந்து விலக்குத் தராது. கடன் வாங்கிப் படிக்க வைப்பவர்கள் தவணைக் கணக்கைப் போடும்போது நிரந்தரப் பதவியின் சம்பளத்தை வைத்துப் போட வேண்டாம்.

வளாகத் திறப்பு நாளுக்குப் போனால் ஆய்வக மாதிரிகளைப் பார்த்து மயங்காமல் நாலாம் ஆண்டு மாணவர் ஒருவரைப் பிடியுங்கள். ஒரு கட்டிலைச் சுற்றி எத்தனை பேர் நிற்கிறீர்கள், அதே வார்டில் வேறு கல்லூரி மாணவர்களும் இருக்கிறார்களா, போன வாரம் நீயே எத்தனை நோயாளியைப் பார்த்துக் கேஸ் எழுதினாய், நிபுணர் அதைத் திருத்தினாரா என்று கேளுங்கள். வெளிநாட்டுக்கு மாறும் படிப்பென்றால், இந்த ஆண்டுக் கூட்டாளிப் பட்டியலைக் கேளுங்கள். அது மாறிக்கொண்டே இருக்கும். அந்தப் பட்டம் 1971 மருத்துவச் சட்டத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்பதை மலேசிய மருத்துவ மன்றத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், ஏஜெண்டு சொல்வதை நம்பி முன்பணம் கட்டும் முன்.