குதிகால் வாதத்தோடு பழனி நடை: மூன்று தைப்பூசம் பார்த்த ஷூ, செருப்பு அனுபவம்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை செய்கிறேன். சிமெண்டுத் தரையில் நாள் முழுக்க நின்றே பார்க்கிற வேலை. 2021 ஐப்பசியில் ஒரு நாள் விடியற்காலை கட்டிலிலிருந்து இறங்கி வலது காலை ஊன்றினேன். குதியில் ஆணி ஏறியதுபோல இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு பத்தடி நடந்ததும் குறைந்துவிட்டது. சரி, ஏதோ சுளுக்கு என்று விட்டுவிட்டேன். மறுநாளும் அதே வலி. ஒரு மாதத்தில், மத்தியானம் சாப்பிட உட்கார்ந்துவிட்டு எழுந்தாலே அந்த முதல் அடிக்குப் பயப்பட ஆரம்பித்தேன்.

எங்கள் பக்கம் இதைக் குதிகால் வாதம் என்பார்கள். மாமியார் செங்கல்லைச் சூடாக்கி, மேலே எருக்கிலையைப் பரப்பி, அதன்மேல் குதியை வைக்கச் சொன்னார். சூட்டுக்கு இதமாகத்தான் இருந்தது, ஒரு மணி நேரம் தாங்கும். ஆனால் மறுநாள் முதல் அடி மாறவில்லை. (செய்து பார்ப்பவர்கள் எருக்கம்பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தோலிலும் சிலருக்குக் கொப்பளிக்கும்.)

எலும்பு டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார். குதியில் சின்னதாக ஒரு முள் வளர்ந்திருப்பதைக் காட்டினார். நான் மிரண்டதைப் பார்த்து, "இந்த முள் வலியே இல்லாத பல பேருக்கும் இருக்குமுங்க, உங்க வலி இதனால இல்லை" என்றார். குதியெலும்பின் அடியில் தொடங்கி விரல்கள் வரை ஒரு கெட்டியான நார்ப்பட்டை ஓடுகிறதாம். வில்லுக்கு நாண் மாதிரி பாதத்தின் வளைவை அது பிடித்து நிற்கிறது. தூங்கும்போது பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்து கிடப்பதால் பட்டை சுருங்கிவிடும். காலையில் மொத்த எடையும் ஒரே அடியில் இறங்கும்போது, எலும்போடு ஒட்டியிருக்கிற இடத்தில் அது இழுபடும். இதற்கு பிளான்டர் ஃபேசியைட்டிஸ் என்று பெயர். பெரும்பாலும் அறுவை சிகிச்சை வரை போகாது, ஆனால் மாதக் கணக்கில் பொறுமை வேண்டும் என்றார். நல்ல செருப்பில்லாமல் ஓர் அடிகூட வைக்காதீர்கள் என்றும் சொன்னார். எது நல்ல செருப்பு என்று நான் கேட்கவில்லை. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடமும் கொஞ்சம் பணமும் ஆயின. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வாங்கியது மெத்தை மாதிரி அமுங்கும் ஒரு ஷூ. கடையில் போட்டு நின்றபோது அவ்வளவு சுகம், உடனே பணம் கட்டிவிட்டேன். மூன்று வாரத்தில் வலி கூடியது. அந்தப் பஞ்சு என் எடைக்குத் தரை வரை அமுங்கிவிடுகிறது. அமுங்கிய பிறகு குதி உள்ளே இரண்டு பக்கமும் ஆடுகிறது, பாதம் உள்பக்கமாகச் சாய்கிறது, ஒவ்வொரு அடிக்கும் நார்ப்பட்டை இழுபடுகிறது. கையால் அமுக்கிப் பார்த்து மெத்தென்று இருக்கிறதே என்று தயவுசெய்து வாங்காதீர்கள். காலுக்கு வேண்டியது தாங்கும் தரை, அதன்மேல் ஒரு மெல்லிய மென்மை.

அடுத்து வாங்கியது ஒரு எம்.சி.ஆர். செருப்பு. மைக்ரோ செல்லுலார் ரப்பர் என்பதன் சுருக்கம்தான் எம்.சி.ஆர். சர்க்கரை நோயில் உணர்ச்சி குறைந்த பாதங்களுக்கு எழுதிக்கொடுப்பார்களே, அதேதான். நான் இதை வீட்டுக்குள் போடுவதற்கென்றே வாங்கினேன். எங்கள் வீட்டில் எல்லா அறையிலும் டைல்ஸ். "ஊட்டுக்குள்ள செருப்பா கண்ணு?" என்று மாமியார் சங்கடப்பட்டார். வாசல் தாண்டாத தனி ஜோடி இது, பூஜை அறைக்கு முன்னால் கழற்றிவிடுவேன் என்று சொன்ன பிறகுதான் சமாதானமானார். கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பேன். எழுந்ததும் தரையைத் தொடும் முன், விரல்களைக் கையால் பிடித்து முழங்காலை நோக்கி இழுத்து 10 வினாடி, இப்படி 10 தடவை. அப்புறம் செருப்பு, அப்புறம்தான் தரை. ஒன்றரை மாதத்தில் அந்த முதல் அடி வலி பாதியாகிவிட்டது. பின்னால் நான் வாங்கிய விலை உயர்ந்த ஷூவைவிட இந்தச் செருப்புக்குத்தான் நான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன்.

இனி ஷூ கதை. 2022 ஆடியில் மகனுக்கு டெங்கு வந்து ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தான். தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போன ஒரு ராத்திரியில், மூன்று வருடம் தைப்பூசத்துக்கு நடந்து வருகிறேன் முருகா என்று வேண்டிக்கொண்டேன். அந்த நேரத்தில் குதிகால் ஞாபகத்துக்கே வரவில்லை. அவன் நல்லபடியாக வீடு வந்த பிறகுதான், திருப்பூரிலிருந்து தாராபுரம் வழியாகப் பழனி 80 கிலோமீட்டருக்கு மேல் என்பது மனதில் உறைத்தது.

இந்தத் தடவை அவசரப்படவில்லை. கோவையில் ஒரு கடைக்கு மாலை ஆறு மணிக்கு மேல் போனேன். பகல் முழுக்க நின்ற கால் சாயங்காலம் கொஞ்சம் பெருத்திருக்கும், நீண்ட தூரம் நடக்கும்போதும் அப்படித்தான் ஆகும். காலையில் அளவு பார்த்து வாங்கினால் 20 கிலோமீட்டரில் விரல் நெரியும். நடைக்குப் போடப்போகிற சாக்ஸையே கொண்டுபோனேன். உட்கார வைக்காமல் நிற்க வைத்து அளந்த பையனுக்கு நன்றி. என் இடது கால் வலதைவிட நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பெரிய காலுக்குத்தான் சைஸ் எடுக்க வேண்டும். பெருவிரலுக்கு முன்னால் கைக் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு ஷூவையும் கையில் எடுத்து மூன்று காரியம் செய்தேன். குதியைச் சுற்றியிருக்கும் பின்சுவரை இரண்டு விரலால் நசுக்கினேன். சப்பென்று உள்ளே போனால் அது குதியைப் பிடிக்காது. பிறகு முன்பக்கத்தை மடக்கினேன். விரல்கள் மடியும் இடத்தில் மட்டும் மடிய வேண்டும், நடுவில் தோசை மாதிரி மடிந்தால் வேண்டாம். கடைசியாக ஈரத்துணி பிழிவதுபோல முறுக்கினேன். எளிதாக முறுக்கிக்கொண்ட எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டேன். ஷோகேஸில் அழகாக இருந்ததில் முக்கால்வாசி இப்படியே போய்விட்டது.

குதிப்பக்கம் முன்பக்கத்தைவிட எவ்வளவு உயரம் என்பது அடுத்த கணக்கு. குதி கொஞ்சம் உயர்ந்திருந்தால் கெண்டைக்கால் தசை தளர்கிறது, குதியெலும்பை அது பின்னாலிருந்து இழுப்பது குறைகிறது, அடியில் உள்ள பட்டைக்கும் இழுவை குறைகிறது. நான் எடுத்ததில் வித்தியாசம் 10 மில்லிமீட்டர். பெட்டியில் இது இருக்காது. கம்பெனியின் இணையப் பக்கத்தில் மாடல் பெயர் போட்டுத் தேடினால் கிடைக்கும். முற்றிலும் சமமான அடி எனக்கு ஒத்துவரவில்லை.

பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரே நீளத்தில் பெண்கள் ஷூ ஆண்கள் ஷூவைவிடக் குறுகல். சின்ன வயதில் வெறுங்காலோடு காட்டில் நடந்து வளர்ந்த என் பாதம் முன்னால் அகலம். பெண்கள் வரிசையில் இருந்த எதுவும் சுண்டுவிரலை விட்டுவைக்கவில்லை. கடைசியில் ஆண்கள் பிரிவில் 6 நம்பர் சரியாக உட்கார்ந்தது. கறுப்பும் சாம்பலும் கலந்த நிறம், பார்க்க அப்படியொன்றும் இல்லை. 7,800 ரூபாய். வீட்டில் அந்த விலையைச் சொல்ல இரண்டு நாளானது. கம்பெனி பெயரை எழுதாததற்குக் காரணம், அந்த மாடலின் அடியை அடுத்த வருடமே மாற்றிவிட்டார்கள். பெயரை நம்பிப் போகாமல் மேலே சொன்னபடி கையில் எடுத்துப் பாருங்கள்.

வாங்கியதும் உள்ளே ஒரு சிலிக்கான் குதிக் கிண்ணம் போட்டேன். அது தப்பு. குதி மேலே எழும்பி, பின்சுவருக்கு வெளியே வந்து வழுக்கியது. கிண்ணத்தை எடுத்துவிட்டு, மேலே கடைசியாக இருக்கும் தனி ஓட்டையில் லேஸைக் கோத்து வளையமாக்கி இறுக்கினேன். குதி அசையாமல் உட்கார்ந்துகொண்டது. அந்த ஓட்டை எதற்கு என்று பல பேருக்குத் தெரிவதில்லை.

ஆண்டிபாளையம் குளத்துப் பக்கம் தினமும் விடியற்காலை நடந்தேன். முதல் வாரம் 2 கிலோமீட்டர், தை பிறக்கும்போது ஞாயிற்றுக்கிழமைகளில் 15. நடந்த தூரத்தை அடுப்படிக் காலண்டரில் குறித்துக்கொண்டே வந்தேன். யாத்திரைக்குக் கிளம்பும்போது ஷூ 210 கிலோமீட்டர் பழகியிருந்தது.

வெறுங்கால் விஷயம் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. எங்கள் குழுவில் பாதிப்பேர் செருப்பில்லாமல் நடப்பவர்கள். குருசாமியிடமே கேட்டேன். "அம்மணி, நடந்து வர்றேன்னு வேண்டுனீங்களா, வெறுங்கால்ல வர்றேன்னு வேண்டுனீங்களா?"

"நடந்து வர்றேன்னுதானுங்க."

"அப்புறம் என்னங்க, போட்டுக்குங்க. அடிவாரத்துல கழட்டுனாப் போதும்."

மனதில் இருந்த பெரிய பாரம் அந்த ஒரு வார்த்தையில் இறங்கியது.

2023 பிப்ரவரி 5 தைப்பூசம். இரண்டு நாள் முன்பே கிளம்பினோம். அவிநாசிபாளையம், குண்டடம் என்று முதல் நாள் போனதே தெரியவில்லை. எனக்கு நடப்பதைவிட நிற்பதுதான் வலித்தது. அன்னதானப் பந்தலில் வரிசையில் கால் மணி நேரம் நின்றால் குதி கடுக்கும். அதனால் வரிசையில் நிற்கும்போதே ஒரு காலைப் பின்னால் வைத்துக் கெண்டைக்காலை நீட்டிக்கொள்வேன். ஒரு அக்கா எனக்கும் சேர்த்துச் சாப்பாடு வாங்கி வந்துவிடுவார்.

தார் ரோடு நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிந்திருக்கும். ஒரே ஓரமாகப் பத்து கிலோமீட்டர் போனால் சரிவுப் பக்கத்துக் கால் தனியாக நோகும். மண் ஓரம் சமமாக இருக்கிற இடத்திலெல்லாம் இறங்கி நடந்தேன். பருத்தி சாக்ஸ் வியர்வையைப் பிடித்துவைத்துக் கொப்புளம் போடும், சீக்கிரம் காயும் செயற்கை நூல் சாக்ஸே மேல். மத்தியானம் ஒரு தடவை மாற்றினேன். பனியன் ஊர்க்காரிக்கு நூலின் குணம் தெரிந்திருந்தும் இதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். தாராபுரத்தில் அமராவதி ஆற்றங்கரையில் ஷூவைக் கழற்றிப் பார்த்தேன், ஒரு கொப்புளம்கூட இல்லை. அலங்கியம் தாண்டி விடியும் பனியில் பழனி மலை தெரிந்தபோது எல்லோரும் அரோகரா என்றார்கள். எனக்குக் குரலே வரவில்லை.

அடிவாரத்தில் ஷூவைக் கழற்றினேன். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தபடி, குதியையும் பாத வளைவையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டை டேப்பை முன்பே ஒட்டியிருந்தேன். 693 படி என்பார்கள், மெதுவாக ஏறிவிட்டேன். ஏறுவதைவிட இறங்குவதில்தான் குதியில் இடி விழும். அதனால் யானைப்பாதை வழியாக இறங்கினேன். குதிகால் வலி உள்ளவர்கள் இதை மறக்காதீர்கள்.

2024 ஜனவரி 25 தைப்பூசத்துக்கும் அதே ஷூவோடு போனேன். அங்கேதான் தவறு செய்தேன். காலண்டர்க் கணக்கில் அது 690 கிலோமீட்டர் ஓடியிருந்தது. மேலே பார்த்தால் புதிது மாதிரியே இருந்தது. குண்டடத்திலேயே பழைய ஆணி திரும்ப எட்டிப்பார்த்தது, எப்படியோ முடித்தேன். வீட்டுக்கு வந்து ஷூவை மேசைமேல் வைத்துப் பின்னாலிருந்து பார்த்தேன். வலது ஷூ உள்பக்கம் சாய்ந்து நின்றது, பக்கவாட்டு நுரையில் குறுக்கே சுருக்கங்கள் விழுந்திருந்தன. அடி ரப்பர் தேய்வதற்கு முன்பே உள்ளே இருக்கும் நுரை செத்துவிடுகிறது. பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர்தான் கணக்கு, எடையும் ரோடும் பொறுத்து மாறும். இப்போது 500 ஆனதும் அடுத்த ஜோடியை வாங்கி இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுகிறேன். 2025 பிப்ரவரி 11 தைப்பூசத்துக்கு 120 கிலோமீட்டர் பழகிய இரண்டாவது ஜோடியோடு போனேன். மூன்று வருடத்தில் அதுதான் வலி குறைந்த நடை.

குதியில் மரத்துப்போவது, வீக்கம், படுத்திருக்கும்போதே வலிப்பது, இவை இருந்தால் ஷூ தேடாமல் டாக்டரிடம் போங்கள். சர்க்கரை உள்ளவர்கள் அவரிடம் கேட்காமல் எந்த யாத்திரையும் வேண்டாம்.

வேண்டுதல் முடிந்துவிட்டது, ஆனால் 2026 பிப்ரவரி 1 தைப்பூசத்துக்கும் பெயர் கொடுத்தேன். கம்பெனியில் டேபிளுக்கு அடியில் நிற்க ஒரு ரப்பர் பாய் வாங்கிப் போட்டேன், பக்கத்து டேபிள் பெண்ணும் ஒன்று கேட்டிருக்கிறாள். மாமியாருக்கும் ஒரு எம்.சி.ஆர். ஜோடி வாங்கி அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். பூஜை அறை வாசலில் இப்போது இரண்டு ஜோடி கிடக்கிறது.