ஒரே 777, ஒன்பது சீட்டா பத்து சீட்டா: எமிரேட்ஸ், கத்தார், சிங்கப்பூர், ஏர் இந்தியா

போயிங் 777-300இஆர் விமானத்தின் உள் அகலம் 5.87 மீட்டர். துபாய்க்காரர் வாங்கினாலும் சிங்கப்பூர்க்காரர் வாங்கினாலும் போயிங் கொடுக்கும் உடல் ஒன்றுதான். அதற்குள் எகானமி வரிசை ஒன்றில் ஒன்பது பேரா, பத்துப் பேரா என்பதை வாங்கியவர் முடிவு செய்கிறார். சாப்பாடு, சினிமா, லக்கேஜ் கிலோ, பணிப்பெண்களின் கனிவு என்று எல்லாவற்றையும் ஒப்பிட்டு டிக்கெட் போடுகிறவர்கள் பலர் இந்த எண்ணை மட்டும் பார்ப்பதில்லை. பதினான்கு மணி நேரம் உட்காரப்போகிறவருக்கு மற்ற எதையும்விட இதுதான் முக்கியம் என்பது என் கட்சி.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 5.87 மீட்டர் என்பது 231 அங்குலம். 3-3-3 என்று ஒன்பது சீட் போட்டால் கைப்பிடிகள் 12. 3-4-3 என்று பத்து போட்டால் 13. கைப்பிடி ஒன்றுக்கு இரண்டு அங்குலம் என்று தோராயமாக வைத்துக்கொள்வோம். ஒன்பது சீட் அமைப்பில் ஆளுக்குப் பதினெட்டரை அங்குலம் கொடுத்த பிறகும் இரண்டு நடைபாதைகளுக்கும் சேர்த்து 40 அங்குலம் மிஞ்சும். பத்து சீட் அமைப்பில் ஆளுக்கு 17 அங்குலம் கொடுத்தாலே நடைபாதைகளுக்கு மிஞ்சுவது 35தான். ஆக, குறைவது சீட்டின் அகலம் மட்டுமல்ல. நடைபாதை ஓரமான ஐல் சீட்டில் இருப்பவர் சாப்பாட்டு வண்டி வரும்போதெல்லாம் முழங்கையை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். பஸ்ஸில் அதே கூண்டுக்குள் 2-2 போட்டால் சொகுசு, 3-2 போட்டால் சாதாரணம் என்கிறோமே, அதே கதைதான். பஸ்ஸிலாவது நெற்றியில் எழுதியிருக்கும்.

காலை நீட்டும் இடத்தில் இவர்களுக்குள் பெரிய வேறுபாடு இல்லை. எல்லாரும் 31, 32 அங்குலத்தைச் சுற்றித்தான் வைத்திருக்கிறார்கள். அதனால் அதை விட்டுவிடலாம்.

1995 ஜூன் 7 அன்று யுனைடெட் ஏர்லைன்ஸ் லண்டனிலிருந்து வாஷிங்டனுக்கு 777-ஐ முதன்முதலாகப் பயணிகளோடு ஓட்டியது. அன்று ஒன்பதுதான் பொது வழக்கம். ஆனால் யுனைடெட் அதை 2-5-2 என்று போட்டிருந்தது. ஐந்து பேரின் நடுவில் மாட்டியவர் எந்தப் பக்கம் எழுந்து போனாலும் இரண்டு பேரை எழுப்ப வேண்டும். அந்த அமைப்பு ஒழிந்ததில் யாருக்கும் வருத்தம் இருக்காது. பத்து சீட் என்பதை எமிரேட்ஸ் வெகு காலமாகவே கடைப்பிடித்தது. பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். 2010-ல் சிறுபான்மையாக இருந்த பத்து சீட் அமைப்பு, 2012-ல் புதிதாக வெளிவந்த 300இஆர்களில் பெரும்பான்மையாகிவிட்டது. காரணம் எளிது. எகானமியில் முப்பது வரிசை இருந்தால் முப்பது டிக்கெட் கூடுதலாக விற்கலாம். விமானிகள் சம்பளமும் தரையிறங்கும் கட்டணமும் அதற்காக ஏறப்போவதில்லை, எரிபொருளும் கொஞ்சம்தான் கூடும்.

விளைவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இரண்டு எல்லைகளைச் சொல்கிறேன். ஜப்பானின் ஆல் நிப்பான் தன் 777-300இஆர் விமானங்கள் சிலவற்றில் வைத்திருப்பது 212 சீட். டொரோன்டோ தமிழர்களுக்குப் பழக்கமான ஏர் கனடா, அதே விமானத்தின் நெரிசல் வடிவத்தில் 450 சீட் வைத்திருக்கிறது. இரண்டும் ஒரே 73.9 மீட்டர் நீள விமானம்தான். ஆல் நிப்பான் முன்பகுதியில் பிசினஸ் வகுப்புக்கே 64 சீட் ஒதுக்கியிருப்பதால் இந்த ஒப்பீடு முழு நியாயமில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ‘777-ல் போனேன், வசதியாக இருந்தது’ என்று யாராவது சொன்னால் ‘யாருடைய 777?’ என்று கேட்க இது போதும்.

தலைப்பில் சொன்ன நால்வரில் எகானமிக்கு முதலிடம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. அவர்களுடைய 777-300இஆரில் மொத்தம் 264 சீட்: முதல் வகுப்பு 4, பிசினஸ் 48, பிரீமியம் எகானமி (பிசினஸுக்கும் எகானமிக்கும் இடைப்பட்டது) 28, எகானமி 184. வரிசைக்கு ஒன்பது பேர்தான். பக்கத்து ஹாங்காங்கின் கத்தே பசிபிக் 2018 முதல் பத்துக்கு மாறிய பிறகும் சிங்கப்பூர் அசையவில்லை. பிசினஸ் வகுப்பில் குறை உண்டு. சீட் நல்ல அகலம், ஆனால் படுக்கையாக்க எழுந்து நின்று முதுகுப் பகுதியை முன்னால் மடக்கிப் போட வேண்டும். படுத்தால் கால் ஒரு மூலைக்குள் கோணலாகப் போகும். 2013-ல் அறிமுகமான அமைப்பு, வயது தெரிகிறது. அடுத்த தலைமுறை 777-9 தாமதமாகிக்கொண்டே போவதால் இவற்றுக்கு ஓய்வும் தள்ளிப்போகிறது.

2024 மே மாதம் லண்டனிலிருந்து வந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் எஸ்க்யூ321 மியான்மர் மேல் கடும் காற்றுக் குலுக்கலில் சிக்கி பாங்காக்கில் இறங்கியது, ஒரு பயணி இறந்தார். அதுவும் 777-300இஆர்தான். அந்தக் குலுக்கல் எந்த நிறுவனத்துக்கும் நேரக்கூடியது, அதை வைத்து யாருக்கும் மதிப்பெண் குறைக்க மாட்டேன். அதன்பின் பெல்ட் விளக்கு எரியும்போது சூடான பானமும் உணவும் பரிமாறுவதை அவர்கள் நிறுத்தினார்கள். காபி வரவில்லையே என்று முகம் சுளிப்பவர்கள் அந்தக் கேபினின் படங்களை ஒருமுறை பார்க்கலாம்.

எமிரேட்ஸ்தான் உலகிலேயே அதிக 777 வைத்திருக்கும் நிறுவனம். சென்னைக்கும் கொழும்புக்கும் பல ஆண்டுகளாக 777 அனுப்புகிறது. நம்மில் பெரும்பாலோருக்கு 777 என்றால் அதுதான். எகானமி 3-4-3, சீட் 17 அங்குலம். மூன்று வகுப்பு விமானங்களில் 354 அல்லது 360 சீட். பொழுதுபோக்குத் திரையில் தமிழ்ப் படங்களும் கிடைக்கும். சென்னை–துபாய் நான்கு மணி நேரத்துக்கு இந்த நெருக்கம் பெரிய குறை இல்லை, ஒரு படம் முடிவதற்குள் பெர்சிய வளைகுடா வந்துவிடும். துபாயிலிருந்து சியாட்டில் போன்ற ஊருக்குப் பதினான்கு மணி நேரத்துக்கு மேல் அதே 17 அங்குலத்தில் உட்காரும்போதுதான் தோள் கேள்வி கேட்கும். துபாய்க்கு அப்பால் உங்கள் ஊருக்கு இரண்டு மாடி ஏர்பஸ் ஏ380-யும் போகிறது என்றால் கண்ணை மூடிக்கொண்டு அந்த நேரத்து விமானத்தை எடுங்கள். அதிலும் பத்து சீட்தான், ஆனால் உடல் அகலம் என்பதால் ஆளுக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் கூடும். எமிரேட்ஸுக்கு உண்மையான போட்டி எமிரேட்ஸேதான்.

பிசினஸ் விஷயத்தில் எமிரேட்ஸ் 777 நீண்ட காலம் தலைகுனிய வேண்டிய நிலையில் இருந்தது. 2-3-2 அமைப்பு. பல லட்சம் கொடுத்து நடு சீட்! 2024 முதல் பழைய விமானங்களைப் புதுப்பித்து 1-2-1 ஆக்கிவருகிறார்கள், 24 பிரீமியம் எகானமி சீட்டும் சேர்கிறது. புதுப்பித்த நான்கு வகுப்பு விமானத்தில் மொத்தம் 332 சீட். பிசினஸ் வாங்குவதாக இருந்தால் சீட் வரைபடத்தில் ஒரு வரிசைக்கு நான்கா, ஏழா என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

இந்த இடத்தில்தான் கத்தார் ஏர்வேஸ் எளிதாக முந்துகிறது. 2017-ல் வந்த க்யூசூட் என்ற பிசினஸ் சீட்டுக்குக் கதவு உண்டு. நடுவில் இருக்கும் நான்கு சீட்டின் தடுப்புகளை இறக்கினால் ஒரு குடும்பம் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடலாம். க்யூசூட் உள்ள 777-300இஆரில் பிசினஸ் 42, எகானமி 312. எகானமியும் முன்பு ஒன்பதாக இருந்து பத்தாக மாறியதுதான், எனவே பின்பக்கம் உட்காருகிறவருக்கு எமிரேட்ஸும் கத்தாரும் அகலத்தில் ஒன்றே. வேறுபடுவது இணையம். 2024 அக்டோபரில் தோஹா–லண்டன் தடத்தில் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையம் பொருத்திய 777-ஐ இறக்கினார்கள், எகானமிக்கும் இலவசம். வீட்டுக்கு வீடியோ காலில் பேசிக்கொண்டே போகலாம். (பக்கத்து சீட்காரர் பேசினால் அது வரமா சாபமா என்பது வேறு விஷயம்.) எமிரேட்ஸும் 2025 நவம்பரில் அதே ஸ்டார்லிங்கை அறிவித்துவிட்டது, இந்த முன்னிலை நீடிக்காது.

கத்தாரிலும் ஒரு பொறி உண்டு. க்யூசூட் இல்லாத 777-களும் அவர்களிடம் உள்ளன. 412 சீட் அடைத்த ஒரு வடிவத்தில் பிசினஸ் 2-2-2. கடைசி நேரத்தில் விமானம் மாறினால் கதவும் கிடையாது, எகானமியில் கூட்டமும் அதிகம்.

ஏர் இந்தியா ஒரு தனிக் கதை. மற்ற மூவரிடம் ‘எந்த 777?’ என்ற கேள்விக்கு இரண்டு மூன்று விடைகள் என்றால், இவர்களிடம் அது ஒரு குடும்ப மரம். 2006-ன் பெரிய ஆர்டரில் வாங்கிய சொந்த 777-300இஆர்: 342 சீட், முதல் வகுப்பு 4, பிசினஸ் 35 (2-3-2), எகானமி 303 (3-4-3). அதே ஆர்டரில் வந்த நீண்டதூர 777-200எல்ஆர் எட்டில் ஐந்தை அபுதாபியின் எத்திஹாடுக்கு விற்றார்கள், மிஞ்சியவற்றில் எகானமி 3-3-3. டாடா கைக்கு வந்த பிறகு, அமெரிக்காவின் டெல்டா 2020-ல் ஓய்வு கொடுத்த 200எல்ஆர்களில் ஐந்தைக் குத்தகைக்கு எடுத்தார்கள். அவற்றில் கதவு வைத்த 28 பிசினஸ் அறைகள், 48 பிரீமியம் எகானமி, எகானமி 3-3-3. எத்திஹாடிடம் இருந்த 300இஆர்களும் குத்தகையில் வந்தன. ஒரே நிறுவனம், ஒரே பெயர், ஆனால் ஒன்றில் ஏறினால் ஒழுங்கான கேபின், இன்னொன்றில் ஏறினால் வேலை செய்யாத திரையும் தேய்ந்த கைப்பிடியும் என்று பயணிகள் புலம்புவது இந்தக் கலவையால்தான். 300இஆர்களின் உள்ளலங்காரத்தைப் புதுப்பிக்கும் திட்டம் உண்டு, அது வரிசையில் கடைசியில் நிற்கிறது.

இவ்வளவு இருந்தும் ஏர் இந்தியாவை ஒதுக்கிவிட முடியாது. டெல்லி, மும்பையிலிருந்து வட அமெரிக்காவுக்கு நேரடி விமானம் என்பது வளைகுடாக்காரர்களால் தர முடியாத ஒன்று. ஆனால் 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் வான்வெளி மூடப்பட்ட பிறகு அந்த ‘நேரடி’யிலும் ஓட்டை விழுந்தது. சுற்றிப் போக வேண்டியிருந்ததால் சில விமானங்கள் வியன்னாவில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போயின. சென்னைக்காரருக்கு எப்படியும் டெல்லியிலோ மும்பையிலோ ஒரு மாற்றம் இருக்கிறது, அதன்மேல் வியன்னாவும் என்றால் துபாய், தோஹாவே நேர்வழி.

ஒன்பதைக் காப்பாற்றுகிறவர்களில் கிழக்காசியர் இருவரையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பான் ஏர்லைன்ஸ் 777-300இஆரில் போட்டிருப்பது 3-4-2. கணவன் மனைவியாகப் போகிறவர்களுக்கு அந்த இரண்டு சீட் பக்கம் அருமை. கொரியன் ஏர் 2025-ல் சில விமானங்களைப் பத்துக்கு மாற்றப்போவதாக அறிவித்தது. உள்நாட்டில் எதிர்ப்புக் கிளம்ப, சில வாரங்களிலேயே பின்வாங்கியது. பயணிகள் சத்தம் போட்டு ஒரு சீட்டைத் தடுத்து நிறுத்தியதற்கு எனக்குத் தெரிந்த உதாரணம் இது ஒன்றுதான்.

பத்து சீட் விமானத்தில்தான் போயாக வேண்டும் என்றால் வால் பக்கத்தைப் பாருங்கள். உடல் குறுகும் கடைசிச் சில வரிசைகளில் பல நிறுவனங்கள் 3-4-3-ஐ 2-4-2 ஆக்கிவிடும். ஜன்னல் ஓரம் இரண்டே சீட், சீட்டுக்கும் சுவருக்கும் நடுவே கைப்பை வைக்கும் அளவு இடம். கழிப்பறைப் பக்கம் ஆள் நடமாட்டம் இருக்கும், சாப்பாடு கடைசியாக வரும், குலுக்கல் கொஞ்சம் அதிகமாகத் தெரியும். இருவராகப் போகும்போது இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். ஏரோலோப்பா இணையதளத்தில் பல நிறுவனங்களின் வெவ்வேறு வடிவங்களுக்கு அளவோடு வரைந்த சீட் படம் இருக்கிறது.

சரி, யாரைத் தேர்வது? ஆஸ்திரேலியா, ஜப்பான் பக்கம் என்றால் யோசிக்காமல் சிங்கப்பூர். சென்னை–சிங்கப்பூர் கட்டத்தில் பெரும்பாலும் வேறு விமானம் வரும், 777 அதற்கப்பால்தான். அமெரிக்கா, ஐரோப்பாவுக்கு எகானமியில் எமிரேட்ஸா கத்தாரா என்றால் விலையும் இடைநிற்கும் நேரமும் தீர்மானிக்கட்டும், இரண்டு விலையும் ஒன்றென்றால் 777 அல்லாத விமானம் எதில் வருகிறதோ அதை எடுப்பேன். ஏர்பஸ் ஏ350, போயிங் 787 இரண்டிலும் கேபினின் காற்றழுத்தம் 6,000 அடி உயரத்துக்குச் சமமாக வைக்கப்படுகிறது, 777-ல் அது 8,000 அடி வரை போகும். இறங்கும்போது தொண்டைக்கும் தலைக்கும் வித்தியாசம் தெரியும். பிசினஸ் என்றால், க்யூசூட் உறுதியானால் கத்தார். மகன் மகள் வீட்டுக்குத் தனியாகப் போகும் எழுபது வயது அப்பா அம்மாவுக்கு மட்டும் இந்த அங்குலக் கணக்கை நான் பார்ப்பதில்லை. வீல்சேர் முன்பதிவு செய்து, ஒரே ஒரு மாற்றம், அதில் மூன்று மணி நேரமாவது இடைவெளி, இரண்டு ஐல் சீட். இது எந்த நிறுவனத்தில் அமைகிறதோ அதில் ஏற்றிவிடுவேன், பத்து சீட் வரிசையாக இருந்தாலும் சரி.