செங்கோட்டையில் வீட்டுக்கூரை சோலார் சேவை: வேலை சுத்தம், கணக்கில் கவனம்

இந்தச் சேவையில் மாட்டுவது 540 வாட் பேனல் 6, மின்வாரியக் கம்பியோடு இணைந்தே ஓடும் 3 கிலோவாட் ஆன்-கிரிட் இன்வெர்ட்டர். கேரள எல்லைக்குள் ஆரியங்காவு பக்கமும் போட்டுத் தருகிறார்கள், ஆனால் அங்கே நெட் மீட்டர் (நாம் எடுக்கும், கொடுக்கும் மின்சாரம் இரண்டையும் கணக்கிடும் மீட்டர்) விண்ணப்பம் கேரள மின்வாரியத்துக்குப் போக வேண்டும்.

ஸ்டாண்டு வேலை அருமை. தளத்தில் துளை போட்டால் சாரல் நீர் இறங்கி ஒழுகும். இவர்கள் கான்கிரீட் பீடம் கட்டிக் கால்களை நிறுத்துகிறார்கள். கணவாய்க் காற்றுக்கு இது அவசியம். பேனல் பக்கம் (டிசி), வீட்டுப் பக்கம் (ஏசி), இடிதாங்கி என எர்த்திங் மூன்றும் தனித்தனிக் குழி.

குறை கனெக்டரில். இரண்டு பக்கமும் வெவ்வேறு கம்பெனி எம்சி4 (பேனல் கம்பிகளை இணைக்கும் கனெக்டர்) மாட்டினால் பிடிப்பு தளர்ந்து, சூடேறி உருகிவிடும். ஒரே கம்பெனிதான் வேண்டும் என்று அடம்பிடியுங்கள்.

நல்ல வெயிலில் நாளுக்கு 12 யூனிட் வரும். அதை 365-ஆல் பெருக்கிக் காட்டுவதை நம்பாதீர்கள். ஜூன், ஜூலை மேகத்தில் பாதிகூடத் தேறாத நாள் உண்டு. கரண்ட் போனால் இன்வெர்ட்டரும் நின்றுவிடும்.

ஒன்றிய அரசு மானியம் 78,000 ரூபாய், வேலை முடிந்த பிறகே வங்கிக் கணக்கில் ஏறும். இந்தியத் தயாரிப்பு செல் இல்லாத பேனலுக்கு அது கிடைக்காது. செல் இந்தியத் தயாரிப்புதான் என்று முன்பணத்துக்கு முன் பில்லில் எழுதி வாங்குங்கள்.