லொறியைத் தொடாதவர்களுக்கான லொறிப் பாடம்: ஒரு ஒன்லைன் பாடநெறி பற்றி

மட்டக்களப்புக் கல்லடியில் இருந்துகொண்டு மெல்பேர்ணில் ஓடுகிற லொறிகளுக்கு நேரம் போடுவது என் வேலை. அங்கே காலை ஏழு என்றால் இங்கே விடியப்புறம் இரண்டரை. அவர்கள் கோடைக்கு மணிக்கூட்டை மாற்றினால் ஒன்றரை. எந்த ட்ரைவர் எத்தனை மணிக்கு ஏற்ற வேண்டும், எத்தனை மணிக்கு இறக்க வேண்டும் என்று அட்டவணை போட்டு அனுப்புவேன். இந்த வேலைக்கு வருகிறவர்களைக் கம்பனி முதலில் ‘சங்கிலிப் பொறுப்பு’ பாடநெறிக்குத்தான் அனுப்பும். சரக்கை அனுப்புபவரிலிருந்து இறக்குபவர் வரை, லொறிப் பயணத்தோடு தொடர்புள்ள எல்லோருக்கும் பாதுகாப்பில் பொறுப்பு உண்டு என்பதுதான் அந்தச் சங்கிலி. அங்குள்ளவர்கள் ‘செயின் ஒஃப் ரெஸ்பொன்சிபிலிட்டி’, சுருக்கமாக சி.ஓ.ஆர். என்பார்கள். காசு கம்பனி கட்டியது. நடத்துகிற நிறுவனத்தின் பெயரைப் போட்டால் நான் எங்கே வேலை செய்கிறேன் என்பதும் தெரிந்துவிடும், ஆகவே போடவில்லை.

முதல் பகுதி சட்டம். கனரக வாகன தேசியச் சட்டம் அவுஸ்திரேலியாவில் 2014 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. 2018 ஒக்டோபர் 1இல் அதைத் திருத்தி, சங்கிலியில் உள்ள ஒவ்வொருவருக்கும் நேரடியான பாதுகாப்புக் கடமையை வைத்தார்கள். 4.5 தொன்னுக்கு மேற்பட்ட வாகனங்களுக்கு இது பொருந்தும். வேலை கொடுப்பவர், முதன்மை ஒப்பந்தக்காரர், வாகனத்தை நடத்துபவர், நேரம் போடுபவர், சரக்கை அனுப்புபவர், பெறுபவர், பொதி கட்டுபவர், ஏற்றும் இடத்தை நிர்வகிப்பவர், ஏற்றுபவர், இறக்குபவர் என்று பத்துத் தரப்பு. பதவிப் பெயர் என்ன என்பது அங்கே கணக்கில்லை, உண்மையில் நீ என்ன செய்கிறாய் என்பதுதான் கணக்கு. இந்த இடத்தை நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரே ஆள் காலையில் நேரம் போட்டு, பின்னேரம் களஞ்சியத்தில் ஏற்றுவதை மேற்பார்த்தால் அவருக்கு இரண்டு பொறுப்பு. ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி அதை வேறொருவர் தலையில் கட்டவும் முடியாது.

எங்கட மாமா களுவாஞ்சிக்குடிப் பக்கத்து மில்லிலிருந்து கொழும்பு நாலாம் குறுக்குத் தெருவுக்கு அரிசி ஏற்றுகிறவர். திருக்கொண்டியாமடுவால் கிறுகி, வெலிக்கந்தை, பொலன்னறுவை, ஹபரணை என்று இரவோடு இரவாகப் போவார். வழியில் யானைக்கும் பார்க்க வேண்டும், பொலிஸுக்கும் பார்க்க வேண்டும். நான் வீட்டில் இந்த வீடியோவை ஓட விட்டிருந்தபோது பக்கத்தில் இருந்து பார்த்தார். “அப்ப மூடையைக் கூட ஏத்தச் சொன்ன முதலாளியும் மாட்டுவாரா புள்ள?” என்றார். மாட்டுவார் மாமா என்றேன். “வெள்ளாப்புக்கு முன்னம் வந்து நில்லு எண்டு போன் அடிக்கிற கடைக்காரன்?” அவரும்தான். “மறுகா ஏன் இஞ்ச ட்ரைவரிட லைசன்ஸ மட்டும் வாங்கிட்டுப் போறானுகள்?” அதற்குப் பாடநெறியில் பதில் இல்லை.

காசு கொடுத்துப் பார்க்கத் தகுந்தது மூன்றாம் பகுதி. நேரம் போடுபவர்களுக்கென்றே செய்தது. ட்ரைவர் வேகமாக ஓடவோ களைப்போடு ஓடவோ காரணமாகும் எதையும் கேட்கவும் கூடாது, கட்டளையிடவும் கூடாது, ஒப்பந்தத்தில் எழுதவும் கூடாது என்று சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. “காலை 6 மணிக்குக் கட்டாயம் வேண்டும்” என்று வருகிற ஒரு மின்னஞ்சலைத் திரையில் போட்டு, அதன் பின்னால் இருக்கிற கணக்கை அவிழ்த்துக் காட்டுகிறார்கள். மெல்பேர்ணிலிருந்து சிட்னி ஏறத்தாழ 880 கிலோமீட்டர். கனரக லொறி நெடுஞ்சாலையில் கூடியது 100இல்தான் ஓடலாம், ஆகவே பத்து மணித்தியாலத்துக்குக் கிட்ட ஓட்டம். சாதாரண விதிப்படி தனியாக ஓடுகிறவருக்கு 24 மணித்தியாலத்தில் வேலை 12 மணித்தியாலம் மட்டும். அந்த 24 மணித்தியாலத்துக்குள் 7 மணித்தியாலம் தொடர்ச்சியாக லொறியை நிறுத்தி ஓய்வெடுக்க வேண்டும். ஐந்தேகால் மணித்தியாலம் வேலை செய்தால் கால் மணித்தியாலம் ஓய்வு. ஏற்றி இறக்குவதும், டீசல் அடிப்பதும் வேலைக் கணக்கில்தான் வரும். களஞ்சிய வாசலில் வரிசையில் நிற்கும்போதுகூட எஞ்சினை ஓட விட்டு ஆசனத்தில் இருந்தால் அதுவும் வேலை. வாசலில் இரண்டு மணித்தியாலம் போய்விட்டால் அந்த 6 மணி அங்கேயே முடிந்தது. அட்டவணையில் எல்லாம் பச்சையாகத்தான் தெரியும், ட்ரைவருக்குத்தான் நித்திரை இருக்காது.

இந்தப் பகுதிக்குப் பிறகு எங்கள் அட்டவணையில் ‘வாசல் காத்திருப்பு’ என்று தனி நிரல் ஒன்று சேர்த்திருக்கிறோம். பெறுபவர் தாமதித்தால் இறக்கும் நேரத்தை நாங்களே தள்ளிப் போட்டு, எழுத்தில் அறிவிக்கிறோம். வாடிக்கையாளர்கள் சிலர் முகம் சுளிக்கத்தான் செய்கிறார்கள்.

சரக்குக் கட்டும் பகுதி சுருக்கம், ஆனால் சுத்தம். சரக்கு முன்னால் நகரப் பார்த்தால் அதன் எடையின் 80 வீத விசையையும், பக்கங்களுக்கோ பின்னாலோ நகரப் பார்த்தால் 50 வீதத்தையும், மேலே எழும்பப் பார்த்தால் 20 வீதத்தையும் கட்டு தாங்க வேண்டும். படங்கைப் போட்டு மேலால் கயிறு இழுத்துவிட்டால் காரியம் முடிந்தது என்று வளர்ந்த எனக்கு இது புதிது.

இனிக் குறை. கேள்விகள் படு லேசு. நான்கு விடைகளில் மூன்று, கேள்வியைப் படிக்காமலே பிழை என்று தெரிகிற மாதிரி. பேசுகிறவர் விழுங்கி விழுங்கிப் பேசுகிறார், கீழே ஓடுகிற எழுத்தும் பாதி இடத்தில் தப்பு. இவற்றைப் பொறுக்கலாம். பொறுக்க முடியாதது, இந்தச் சட்டம் நாடு முழுவதற்கும் என்று நினைக்கும்படி பாடம் போவது. மேற்கு அவுஸ்திரேலியாவும் வட பிரதேசமும் இதில் சேரவில்லை, அவற்றுக்கு வேறு விதிகள். பேர்த்துக்குச் சரக்கு அனுப்புகிற எங்களுக்கு அது சின்ன விசயமா? கேட்டு எழுதினேன், “அடுத்த பதிப்பில் பார்ப்போம்” என்று ஒரு வரி வந்தது.

தண்டனைப் பகுதியை மட்டும் பயமுறுத்துகிற இசையோடு நீட்டி வைத்திருக்கிறார்கள். 2018இல் வைத்தபடி மிகப் பெரிய குற்றத்துக்குத் தனியாளுக்கு 300,000 டொலர் வரை அல்லது 5 ஆண்டு சிறை, அல்லது இரண்டும். கம்பனிக்கு 30 இலட்சம் டொலர் வரை. அதைவிட மேலதிகாரிகளுக்கான கடமையை நீட்டியிருக்கலாம். கீழே இருக்கிறவன் சரியாகச் செய்கிறானா என்று தேடிப் பார்க்க வேண்டிய கடமை அவர்களுக்கும் சட்டத்தில் உண்டு. பாடம் அதை இரண்டு நிமிடத்தில் கடந்துவிடுகிறது. பாடநெறியை வாங்குகிறவர்கள் அவர்கள்தானே, அதனால் இருக்கலாம்!

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். சொந்தக் காசு கட்டி எடுக்கப் போகிறவர்கள் முதலில் தேசியக் கனரக வாகன ஒழுங்குபடுத்துநரின் இணையத்தளத்தைப் பாருங்கள், அடிப்படை முழுக்க அங்கே இலவசமாக இருக்கிறது. அதன் பிறகும் எடுப்பதென்றால், நேரம் போடுபவர்களுக்குத் தனிப் பகுதி உண்டா, பேர்த் பக்கம் பற்றி ஏதும் உண்டா என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள். குறிப்புகளைப் படிக்கிறபோதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், சான்றிதழ் வந்ததும் கணக்கைப் பூட்டிவிடுகிறார்கள்.